பழைய மாதிரி விமான எஞ்சின் ஏன் இறுகுகிறது?

முள்ளிவாய்க்கால் கரையில் படகு எஞ்சின் இறுகினால் உப்புத் துருவைச் சந்தேகிப்பது நியாயம். பல ஆண்டுகள் கிடந்த ரேடியோ விமான எஞ்சினில் முதல் காரணம் பெரும்பாலும் வேறு: ஆமணக்கெண்ணெய். தலையிலுள்ள சிறு பிளக்கினுள் பிளாட்டினக் கம்பிச்சுருள் இருந்தால் அது 1947க்குப் பின் பரவிய, மெத்தனாலில் ஓடும் குளோ எஞ்சின். மெத்தனாலில் கனிம எண்ணெய் கரையாது, ஆமணக்கெண்ணெய் கரையும்; ஆகவே உயவுக்கு அதையே எரிபொருளில் கலந்தார்கள். அதுவே நாளடைவில் ஒட்சிசனோடு சேர்ந்து, பழுப்புப் பிசினாகிப் பிஸ்டனைச் சிலிண்டரோடு ஒட்டிவிடுகிறது. சுடுகாற்றுப் பட்டால் பிசின் இளகும், துரு இளகாது. இரண்டையும் பிரித்தறிய இது நல்ல சோதனை. இளகுமுன் புரொப்பெல்லரைப் பிடித்துத் திருகினால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடலாம். சூட்டில் உலோகம் கெடாதா என்று கேட்கலாம். ஓடும்போது சிலிண்டர் தாங்கிய வெப்பம், பிசின் இளகத் தேவையான சூட்டைவிட அதிகம். ஆனால் எரிபொருள் எச்சம் பெயரிங்குகளை உண்மையாகவே அரித்திருந்தால் சூடு உதவாது, மாற்றத்தான் வேண்டும்.