கண்டிக்கு எவ்வளவு தூரம்?

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு மாணவி கேட்டு எழுதியிருக்கிறார்: லண்டனிலிருந்து பாரிஸ் 344 கிலோமீட்டர்தானே, மணிக்கு 800 கி.மீ. பறக்கும் விமானத்துக்கு எதற்கு ஒன்றேகால் மணி நேரம்?

அட்டவணையில் போடுவது வானத்தில் இருக்கும் நேரத்தை மட்டுமல்ல. நின்ற இடத்திலிருந்து அசைந்தது முதல், போய்ச் சேர்ந்து மறுபடி நிற்கும்வரை எல்லாம் அதில் கணக்கு. குறுகிய பயணத்தில் விமானம் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும்; முழு வேகத்தில் பறக்க அவகாசமே இல்லை. அந்த 344கூட வரைபடத்தில் நேராக இழுத்த கோடுதான். 1994 முதல் கடலடிச் சுரங்கம் வழியே ஓடும் ரயில், இரண்டேகால் மணியளவில் ஆட்களை நகரத்துக்குள்ளேயே இறக்கிவிடுகிறது.

கொழும்பிலிருந்து கண்டிக்கும் அப்படி ஒரு கோடு இழுத்தால் சுமார் 95 கிலோமீட்டர். கோச்சிப் பாதையோ ஏறக்குறைய 121. பொல்காவலை வரை சமநிலத்தில் வடக்கே ஒதுங்கிப் போய், ரம்புக்கனை தாண்டித்தான் பாதை மலையில் கை வைக்கிறது.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த இருபது கிலோமீட்டர். கடுகண்ணாவை வருவதற்குள் நானூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் சுலபமாக உருளும். அதே சுலபத்தில் வழுக்கவும் செய்யும். அதனால் ஏறக்குறைய 45 அடி ஓடினால்தான் ஓரடி ஏற்றம். ஹந்தானைத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்கோடு வரும் பெண்கள் சரிவில் நேராக ஏறாமல் குறுக்காகச் சாய்ந்து ஏறுவார்கள், கோச்சியும் அப்படித்தான். மழையில் சக்கரம் வழுக்கினால் எஞ்சினிலிருந்து தண்டவாளத்தில் மணல் தூவப்படும். நீராவிக் காலத்தில் பின்னால் இன்னொரு எஞ்சின் நின்று தள்ளியது. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் பாறையைக் குடைந்து போட்ட பாதை இது. 1867இல் கண்டியைத் தொட்டது. கடுகண்ணாவை நிலையத்து ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஏற்றம் கேட்கும் நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். மனிதர் கூட்டும் நேரம் வேறு. ரம்புக்கனையோடு இரட்டைப் பாதை முடிகிறது. மேலே ஒற்றைப் பாதை, எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டுக் காத்து நிற்க வேண்டும். சரிவில் கான்கள் அடைபட்டால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும், மண் தண்டவாளத்தில் இறங்கும், அன்றைக்குப் பயணமே இல்லை. மீரிகமையிலிருந்து குருநாகலுக்கு 2022இல் அதிவேகப் பாதை திறந்ததிலிருந்து, அது கண்டிக்கு எப்போது வரும் என்று எல்லோரும் கேட்கிறோம். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக நம்மைச் சுமக்கும் பாதையின் கானை யார் துப்புரவாக்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. முதலில் அதைக் கேட்போம். வேகத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.