ஸ்டோக்ஸ் முறையில் பாகியல் எண்: வரைபடம் வரைதலும் வாசித்தலும்

ஒரு திரவத்தில் சிறு எஃகுக் குண்டுகளை விழவிட்டு, அவை இறங்கும் வேகத்தைக் கொண்டு அத்திரவத்தின் பாகியல் எண்ணைக் காண்பது ஸ்டோக்ஸ் முறை எனப்படும். ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் வெளியிட்ட விதியே இதன் அடிப்படை. ஆய்வகங்களில் பெரும்பாலும் விளக்கெண்ணெய் அல்லது கிளிசரின் பயன்படுகிறது.

அடிப்படை

திரவத்தில் விடப்பட்ட குண்டு முதலில் முடுக்கம் அடைகிறது. வேகம் கூடக் கூடப் பாகியல் விசையும் கூடுகிறது. பாகியல் விசையும் மிதப்பு விசையும் சேர்ந்து குண்டின் எடையைச் சமன் செய்ததும், அது மாறா வேகத்தில் இறங்குகிறது. இதுவே முற்றுத் திசைவேகம். இது ஆரத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும்; ஆரம் இரு மடங்கானால் வேகம் நான்கு மடங்காகும்.

வரைபடம்

கிடை அச்சில் ஆரத்தின் வர்க்கத்தையும் செங்குத்து அச்சில் முற்றுத் திசைவேகத்தையும் குறிக்க வேண்டும். ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்விலிருந்து,

பாகியல் எண் = 2 × (குண்டின் அடர்த்தி − திரவத்தின் அடர்த்தி) × புவியீர்ப்பு முடுக்கம் ÷ (9 × சாய்வு)

எடுத்துக்காட்டாக, 30° செல்சியஸில் உள்ள விளக்கெண்ணெயில் 0.5, 1.0, 1.5 மி.மீ. ஆரமுள்ள குண்டுகளின் வேகம் முறையே விநாடிக்கு 0.83, 3.3, 7.4 செ.மீ. எனக் கொள்வோம். ஆரத்தின் வர்க்கங்கள் 0.25, 1.0, 2.25. சாய்வைக் காண, கோட்டின் மீது தள்ளித் தள்ளி இரு இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வர்க்கம் 0.5 உள்ள இடத்தில் வேகம் 1.65, வர்க்கம் 2.0 உள்ள இடத்தில் 6.6. சாய்வு 4.95 ÷ 1.5 = 3.3, மீட்டர் அலகுகளில் 33,000. எஃகின் அடர்த்தி 7800, எண்ணெயின் அடர்த்தி 960 எனப் பிரதியிட்டால் பாகியல் எண் சுமார் 0.45 பாஸ்கல் விநாடி.

ஆரத்திற்குப் பதிலாக விட்டத்தின் வர்க்கத்தைக் குறித்தால் சாய்வு நான்கில் ஒரு பங்காகிவிடும்; விடை நான்கு மடங்காகும்.

சராசரி போதாதா?

ஒவ்வொரு குண்டிற்கும் தனித்தனியே விடை கண்டு சராசரி எடுக்கலாமே என மாணவர்கள் கேட்பதுண்டு. சராசரி பிழையை மறைத்துவிடும். வரைபடம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

1. கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாவிட்டால், திருகு அளவியின் சுழிப்பிழையைச் சரிபார்க்க வேண்டும்.

2. பெரிய குண்டுகளின் புள்ளிகள் கோட்டிற்குக் கீழே வளைந்தால், இரு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, குழாய்ச் சுவரின் தடை. 20 மி.மீ. ஆரமுள்ள குழாயில் 1 மி.மீ. குண்டின் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. இதைச் சரிசெய்ய, அளந்த வேகத்தை (1 + 2.4 × குண்டின் ஆரம் ÷ குழாயின் ஆரம்) என்பதால் பெருக்கிய பிறகே வரைபடத்தில் குறிக்க வேண்டும். மற்றொன்று, ரெனால்ட்ஸ் எண் கூடிவிடுவது. மேற்கண்ட எண்ணெயில் 2 மி.மீ. ஆரமுள்ள குண்டிற்கு அது 1ஐத் தாண்டுகிறது. அங்கே ஸ்டோக்ஸ் விதி சரியாகப் பொருந்தாது. அத்தகைய புள்ளிகளை அழிக்காமல் வரைபடத்திலேயே விட்டு, நேர்கோட்டுப் பகுதியில் மட்டும் சாய்வைக் காண்பதே முறை.

வெப்பநிலை

விளக்கெண்ணெயின் பாகியல் எண் 20° செல்சியஸில் சுமார் 0.99, 30° செல்சியஸில் சுமார் 0.45. பத்து பாகையில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எனவே விடையுடன் வெப்பநிலையையும் எழுத வேண்டும். அது இல்லாத விடையை வேறெந்த அளவீட்டோடும் ஒப்பிட முடியாது.