திறந்த வீடு

உங்கள் வீட்டுத் தெருக்கதவை இரவும் பகலும் திறந்தே போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் உள்ளே வரலாம். வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கூடத்துப் படத்தை இடம் மாற்றி மாட்டலாம். சமையலறையில் புகுந்து சாம்பாரில் இன்னொரு கை உப்பைப் போடலாம். எத்தனை நாளைக்கு அந்த வீடு தாங்கும்? "திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதைதான்!" என்று பாட்டி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

ஆனால் பாட்டியின் தீர்ப்பைப் பொய்யாக்கிக்கொண்டு அப்படி ஒரு வீடு 2001-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதியிலிருந்து நடந்து வருகிறது. ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கிருகப்பிரவேசம் செய்துவைத்த விக்கிப்பீடியாதான் அது. உங்கள் வீட்டுப் பையன் பள்ளிப் பாடத்துக்குச் செல்போனில் தேடுகிறானே, அதேதான். அதைப் படிக்கிறவர்கள் ஏராளம். அதில் நாமே எழுதலாம், திருத்தலாம் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம்.

விஷமிகள் வராமலா இருப்பார்கள்? தினம் வருகிறார்கள். ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பழைய பிரதிகள் எல்லாம் அழியாமல் இருக்கின்றன. ஒருவன் கிறுக்கிவிட்டுப் போனால், அடுத்தவர் ஒரு பொத்தானைத் தட்டிப் பழையபடி ஆக்கிவிடுகிறார். கிறுக்குவதைவிடத் துடைப்பது சுலபம். துடைப்பது சுலபமாக இருக்கும் வீட்டில் கோபமும் குறைவாக இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சிமெண்டுத் தரை போட்டவர்களுக்கு இது விளங்கும்.

சில பழக்கங்களையும் அவர்கள் ஏற்படுத்திக்கொண்டார்கள். எதிராளி நல்ல எண்ணத்துடன்தான் எழுதியிருப்பார் என்று முதலில் நம்ப வேண்டும். எழுதியதைப் பற்றிப் பேசலாம், எழுதியவரைப் பற்றிப் பேசக் கூடாது. சண்டை வந்தால் கட்டுரையில் போடாமல் பக்கத்திலுள்ள 'பேச்சு'ப் பக்கத்தில் போய்ப் பேச வேண்டும். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் பிறர் எழுதியதை ஒருவர் மாற்றிக்கொண்டிருந்தால் தடை விழும். புதிதாக வந்தவர்களைக் கடிக்காதீர்கள் என்றுகூட ஆங்கிலப் பதிப்பில் ஒரு வழிகாட்டி இருக்கிறது. கடிக்கிற ஆசாமிகள் இல்லாவிட்டால் அப்படி எழுதிவைக்க வேண்டிய அவசியம் வந்திருக்குமோ?

2005-இல் ஒரு பெரிய அடி விழுந்தது. ஜான் சீகென்தாலர் என்று அமெரிக்காவில் பெயர் பெற்ற பத்திரிகையாளர் ஒருவர். ஒரு காலத்தில் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். கென்னடி சகோதரர்களின் கொலையில் இவருக்குச் சம்பந்தம் உண்டு என்று சிலர் சந்தேகித்ததாக, பெயர் போடாத யாரோ எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த அபாண்டம் நாலு மாதம் அப்படியே இருந்தது! பத்திரிகையில் சீகென்தாலர் மனம் கொதித்து எழுதியபிறகு உலகமே பேசிற்று. எழுதிய ஆள், உடன் வேலை பார்த்தவரிடம் வேடிக்கைக்காகச் செய்தாராம். அவர் மன்னிப்புக் கேட்டு, தம் வேலையையும் விட்டார். சீகென்தாலர் வழக்குப் போடவில்லை. "அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள்" என்று முதலாளியிடம் பரிந்து பேசினார். எவ்வளவு பெரிய மனசு, பாருங்கள்!

அதன்பிறகு ஆங்கிலப் பதிப்பில் கதவைக் கொஞ்சம் ஒருக்களித்தார்கள். பெயர் பதியாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்றார்கள். விஷமத்தைக் கண்டுபிடிக்கவும் நொடியில் அழிக்கவும் கருவிகள் வந்தன. விஷமம் அடங்கியது. ஆனால் வேறொன்றும் நடந்தது. 2007-க்குப் பிறகு ஆங்கிலத்தில் சுறுசுறுப்பாக எழுதுகிறவர்களின் தொகை இறங்கலாயிற்று. ஏன் என்று ஆரன் ஹால்ஃபேக்கர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் எழுதினார்கள். விஷமிகளைத் துரத்தும் அவசரத்தில், நல்லெண்ணத்தோடு வந்து தெரியாமல் தப்புச் செய்த புதியவர்களின் எழுத்தும் அழிக்கப்பட்டது. கூடவே எந்திரம் போல ஓர் எச்சரிக்கை. போனவர்கள் திரும்பி வரவில்லை.

இதில் நமக்குச் சிரிப்பு வரக் காரணமில்லை. கல்யாணப் பந்தியில் அழைப்பில்லாத ஒருவனைப் பிடிக்கப் போய், சம்பந்தி வீட்டுப் பெரியவரின் சட்டையைப் பிடித்த கதை எல்லா ஊரிலும் உண்டு. திருடனை விட்டால் பண்டம் போகும். விருந்தாளியைத் திருடன் என்று நினைத்தால் உறவே போகும். இரண்டில் எந்த நஷ்டம் பெரிது என்று கேட்டால், பின்னதே என்பேன். முதல் நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. வராமற்போனவர்களை யார் எண்ணுகிறார்கள்?

பெண்கள் விஷயத்தில் எண்ணியும் பார்த்தார்கள். 2011-இல் விக்கிமீடியா ஸ்தாபனம் விசாரித்தபோது, எழுதுகிறவர்களில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்கள் இல்லை.

அடுத்த வருஷமே 'தேநீர் விடுதி' என்ற பெயரில் ஓர் இடம் திறந்தார்கள். எவ்வளவு அசட்டுக் கேள்வியாக இருந்தாலும் புதியவர் கேட்கலாம். பழகினவர் ஒருவர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். அங்கே அழைக்கப்பட்டவர்கள், அழைக்கப்படாதவர்களைவிடக் கூடுதலாகத் தங்கினார்கள் என்று பிற்பாடு பரிசோதித்துப் பார்த்ததில் தெரிந்தது. பிரமாதமான வித்தை ஒன்றும் இல்லை. எந்திரத்தின் எச்சரிக்கைக்குப் பதிலாக, ஒரு மனுஷரின் "வாருங்கள்!" 2020-இல் எல்லா மொழிகளுக்கும் பொதுவான நடத்தை விதிகளுக்கும் ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழு சம்மதம் கொடுத்தது.

நம் தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் பிறந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. பெயர் வைப்பதில் தமிழர்கள் சோடை போகவில்லை. பொதுப் பேச்சுக்குக் கூடும் இடம் 'ஆலமரத்தடி'. உதவி கேட்கும் இடம் 'ஒத்தாசைப் பக்கம்'. தப்பும் தவறுமாக எழுதிப் பழகுவதற்கு 'மணல்தொட்டி'. அதில் என்ன கிறுக்கினாலும் யாரும் வைய மாட்டார்கள்.

உங்கள் ஊருக்கு அங்கே ஒரு பக்கம் இருக்கிறதா என்று இன்று மாலை தேடிப் பாருங்கள். கோயிலின் பெயரோ, ஏரியின் பெயரோ பிழையாக இருந்தால், மேலே 'தொகு' என்று ஒரு சொல் கண்ணில் படும். அதைத் தட்டுங்கள். எங்கே படித்துத் தெரிந்துகொண்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.