ஆற்றலரி இனங்களைப் பிரித்தறிதல்

ஐப்பசி, கார்த்திகை மழையால் நிறைந்த மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில், தை பிறந்தபின் நீர் மெல்ல வடியத் தொடங்கும்போது, மாடக்குளமாயினும் வண்டியூராயினும், நீரும் நிலமும் கூடுகின்ற சேற்று விளிம்பிலே, அரளியிலை போல் நீண்ட இலைகளும், பருத்துச் சிவந்த கணுக்களும், நுனியில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கதிர் கதிராகத் தொங்கும் சிறு பூக்களுமாகச் சில செடிகள் செழித்து நிற்பதைக் காணலாம். வைகையின் மணற்பரப்பில் தேங்கிய குட்டையோரங்களும் இவற்றுக்கு உகந்த இடங்களே. ஆற்றலரி என்ற ஒரே பெயர் இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களுக்கு வழங்கி வருகிறது. மாடு மேய்ப்பவருக்கும் மடை திறப்பவருக்கும் அந்த ஒரு பெயர் போதும். மருந்துக்கென்று பறிப்பவருக்கோ, தாவர சாஸ்திரம் பயிலும் மாணவருக்கோ அது போதாது.

சுக்கான்கீரையும் இவற்றின் குடும்பத்ததே; இங்கிலாந்தின் ஆற்றங்கரைகளை ஆக்கிரமித்து அந்நாட்டாருக்குப் பெருந்தொல்லையாகிவிட்ட ஜப்பானியச் செடியும் இக்குடும்பத்தின் ஒரு கிளையே. 1753-இல் லின்னேயஸ் இச்செடிகளில் பலவற்றைப் பாலிகோனம் என்னும் பேரினத்தில் அடக்கினார். பிற்காலத்தார் நீரோரத்து நெடுஞ்செடிகளைப் பெர்சிக்காரியா என்று வேறாக்கிவிட்டபடியால், 1915 முதல் கேம்பிள் எழுதத் தொடங்கி, அவர் காலத்துக்குப் பின் ஃபிஷர் 1936-இல் நிறைவு செய்த சென்னை ராஜதானித் தாவரநூலைப் புரட்டுவோர் பழைய பெயரின் கீழேயே இவற்றைத் தேட வேண்டும்.

பிரித்தறிய விரும்புவோர் பெரும்பாலும் பூவின் நிறத்தையே முதலில் பார்க்கிறார்கள். அது அவ்வளவு நம்பத்தக்க லக்ஷணமன்று. இளஞ்சிவப்பாக மலர்ந்த கதிர் வெயிலில் வெளிறிப்போகும். இலையின் அகலமோ, செடி ஆழநீரில் நிற்கிறதா, காய்ந்த கரையில் நிற்கிறதா என்பதைப் பொறுத்து மாறுபடும். என் அபிப்பிராயத்தில், இந்தக் குடும்பத்தின் ரகசியம் முழுவதும் கணுவில் இருக்கிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இலையடிச் செதில்கள் இரண்டும் ஒன்றாகக் கூடி, தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வுக் குழலாக மேல்நோக்கி எழுகின்றன. அந்தக் கணுவுறையின் வாயைப் பூதக்கண்ணாடி கொண்டு சாவதானமாகப் பார்ப்பவர், செடியின் பெயரில் பாதியைத் தெரிந்துகொண்டவராவார்.

உறையின் வாய் கத்தியால் நறுக்கினாற்போல் நேராக முடிந்து, ஒரு மயிர்கூட இல்லாமல் மழமழவென்றிருந்தால், அது பெர்சிக்காரியா கிளாப்ரா. இலையும் தண்டும் அவ்வாறே வழுவழுப்பானவை. பூ பெரும்பாலும் இளஞ்சிவப்பு. உறையின் மேல் ரோமம் படர்ந்து, அதன் வாயில் உறையளவுக்கே நீண்ட விறைத்த மயிர்கள் கண்ணிமை போல் வரிசையாக நின்றால், அது பெர்சிக்காரியா பார்பேட்டா. இதன் பூ வெண்மையானது. இவ்விரண்டுக்கும் நடுவே, குட்டையான மயிர்விளிம்பும் ஒடுங்கிய இலையும் மெலிந்த கதிரும் உடையதாகப் பெர்சிக்காரியா டெசிபியன்ஸ் என்ற இனம் உண்டு. அவசரக்காரர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இளம் கிளையின் உறையையே சோதிக்க வேண்டும் என்பது இதில் மிக முக்கியம். முதிர்ந்த உறை பழுப்பேறிக் கிழிந்து, மயிர்களும் உதிர்ந்துவிடுமாதலால், மயிருள்ள இனத்தையும் மயிரற்றதென்று எண்ண நேரிடும்.

கணுவுக்கு அடுத்தபடியாகக் கனி சாட்சி சொல்லும். இப்பூக்களில் புல்லி வேறு, அல்லி வேறு என்ற பிரிவில்லை. பூவிதழ்கள் உதிராமல் நின்று, உள்ளே முதிரும் சிறு கொட்டையைப் போர்த்திக் காக்கின்றன. அவற்றை விலக்கிப் பார்த்தால், பார்பேட்டாவின் கொட்டை மூன்று பட்டையுடன் கறுத்துப் பளபளக்கும். கிளாப்ராவினது பெரும்பாலும் இருபுறமும் புடைத்த வட்டமாக இருக்கும்.

உலகின் பல பாகங்களிலும் நம் நாட்டின் ஈரநிலங்களிலும் காணப்படும் பெர்சிக்காரியா ஹைட்ரோபைப்பர் என்ற இனத்தின் கொட்டைக்கு இந்தப் பளபளப்புக் கிடையாது; பூவிதழ்களில் நுண்ணிய சுரப்பிப் புள்ளிகள் நிறைந்திருக்கும்; இலையை மென்றால் மிளகுக் காரம் நாவைச் சுடும். பாலிகோடியால் என்னும் ரசாயனப் பொருளே அந்தக் காரத்துக்குக் காரணம். ஆயினும் நகரத்துச் சாக்கடை கலந்த நீரில் வளர்ந்த செடியை வாயிலிட்டுச் சோதிப்பதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். புள்ளிகளைக் கண்ணாடியால் பார்ப்பதே போதிய ஆதாரம்.

மாசி, பங்குனியில் கண்மாயின் உட்பரப்பு காய்ந்து வெடிக்கும் சமயத்தில், தரையோடு தரையாகப் பரவும் மற்றோர் உறவினர் தலைகாட்டும். இது இன்னும் பாலிகோனம் என்ற பழைய பேரினத்திலேயே இருக்கிறது. பிளேபெயம் என்பது இதன் இனப்பெயர். சின்னஞ்சிறு இலை, வெள்ளிபோல் மின்னிக் கிழிந்து நிற்கும் உறை, கதிராகாமல் இலைக்கக்கங்களிலேயே ஒளிந்து பூக்கும் பூ ஆகிய இவற்றால் இதை யாரும் எளிதில் அறியலாம்.

சந்தேகம் தீராதவர், இளங்கணுவும் முதிர்ந்த கனியும் சேர்ந்த ஒரு கிளையைக் காகிதத்தினிடையே அழுத்தி உலர்த்தி, திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் ராபினட் உலர்தாவரக் கூடத்திலுள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பாதிரியார் மாத்யூவின் பெருநூல் உருவான இடம் அது. உலர்ந்த செடியில் நிறம் தங்காதாகையால், பறித்த தேதி, கண்மாயின் பெயர், நின்ற நீரின் ஆழம், பூவின் நிறம் ஆகியவற்றைப் பறித்த இடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.