அத்தைக்கு எட்டாத அலை

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எங்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். மொட்டையோ காதுகுத்தோ, வேன் பிடித்துக் கிளம்பினால் முதலில் கடலில் முழுக்கு, பிறகு நாழிக்கிணறு, அப்புறம்தான் முருகன். பக்கவாதத்தில் கால் விழுந்துபோன அத்தையையும் ஒருமுறை அப்படித்தான் கூட்டிப் போனோம். மணலில் பத்தடிகூடத் தாண்டவில்லை. சக்கர நாற்காலியின் முன்பக்கச் சின்னச் சக்கரங்கள் இரண்டும் புதைந்துவிட்டன. தள்ளத் தள்ள இன்னும் இறங்கின. நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று நாலு பேர் குனிந்தோம். "விடுங்கப்பா, நான் என்ன மூட்டையா?" என்றார் அத்தை. செம்பில் கடல்தண்ணீர் மொண்டு வந்து தலையில் தெளித்தோம்.

குறை அத்தையின் காலில் இல்லை, சக்கரத்தில் இருந்தது. இரும்புப் பட்டை போட்ட கட்டைவண்டி திணறுகிற ஆற்றுமணலில் டயர்வண்டி ஏறிப் போகும். எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்குத் தெரிந்த கணக்குதான் இது. கடற்கரைக்கென்றே செய்த நாற்காலியில் பூசணிக்காய் போலப் பருத்த சக்கரங்கள் இருக்கும். காற்றைக் குறைவாகவே அடைப்பார்கள். சக்கரம் தரையில் அகலமாகப் பதிந்து பாரம் பரவுவதால் மணல் தாங்கிக்கொள்கிறது. உப்புக்காற்றில் துருப்பிடிக்காத குழாய்களில்தான் உடல் பகுதி. தண்ணீரில் மிதக்கும் நாற்காலிகளும் உண்டு. கிரீஸ் நாட்டில் இன்னும் ஒருபடி மேலே போய், 'சீட்ராக்' என்று கடலுக்குள் இறங்கும் தண்டவாளமே போட்டிருக்கிறார்கள். சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடும் இருக்கை. ரிமோட்டை அழுத்தினால் யார் துணையும் இல்லாமல் கடலுக்குள் போய்த் திரும்பலாம்.

தமிழ்நாட்டில் வழி திறந்தது சென்னை மெரினாவில். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டுப் போராடியும், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போட்டுவிட்டுப் பிரித்துவிடுவார்கள். 2022 நவம்பர் 27 அன்று நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் கடல்பக்க முனையைப் பெயர்த்துப் போட்டது. சரிசெய்து மீண்டும் திறந்தார்கள். பிறகு பெசன்ட் நகரிலும் பாதை வந்தது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கையும் உரிமையாகவே சொல்கிறது. திருச்செந்தூரிலும் ராமேசுவரத்திலும் கடலாடுவது பொழுதுபோக்குகூட இல்லை, வேண்டுதல். சக்கர நாற்காலியில் வருகிறவர் அலை வரை தானாகப் போய்ச் சேர அங்கே வழி வேண்டும் என்பதை நான் சலுகையாகக் கேட்கவில்லை.

ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி அத்தையை மெரினாவுக்குக் கூட்டிப் போனோம். மரப்பாதையில் சக்கரத்தின் வளையத்தைப் பிடித்து நல்ல கையால் அவரே உருட்டினார். நாற்காலி கோணும்போது மட்டும் திருப்பிவிட்டேன். பாதை முடிந்த இடத்தில் பருத்த சக்கர நாற்காலிக்கு மாற்றி ஈரமணலில் இறக்கினோம். முதல் அலை பாதத்தை நனைத்துத் திரும்பியது.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுய்யா" என்றார்.