கதிரவனிடத்துக் காந்தம்

குன்றத்தூர் மலைமீது வைத்த திசைகாட்டி பூமியின் காந்தத்தால் வடக்கு நோக்கி நிற்கும். திசைகாட்டி செல்லவொண்ணாத கதிரவனிடத்தும் காந்தம் உண்டென்பதை யாங்ஙனம் அறிவது? ஒளியே சான்று.

காந்தத்திடைப்பட்ட சுடரின் நிறக்கோடுகள் அகலுதலை 1896-இல் ஸீமன் கண்டார். வலிய காந்தத்தில் அவை பிளவுறும். காந்தவிசையின் வழியே நோக்குவார்க்கு, பிளந்த கூறுகளுள் ஒன்று இடமாகவும் மற்றொன்று வலமாகவும் சுழன்றதிரும். ஒளியதிர்வு இங்ஙனம் ஒழுங்குறுதலே முனைவாக்கம். 1908-இல் ஹேல் இக்குறியைச் சூரியகளங்கங்களிற் கண்டு, ஆண்டுள்ள காந்தம் பூமியினதினும் ஆயிரக்கணக்கான மடங்கு வலிதெனத் தெளிந்தார்.

ஆயினும் அவ்வொளி சூரியனது ஆவிமண்டலத்தினூடு வருங்கால் மாறுபடும். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர், சிதறிவரும் முனைவொளிக்கு 1946-இல் சமன்பாடுகள் வகுத்தார். காந்தத்தின் செயலையும் சேர்த்து ஜப்பானிய அறிஞர் உன்னோ 1956-இல் சமன்பாடுகள் தந்தார்.

களங்கக் காந்தம் குமுறின் பூமியில் வானொலியும் மின்வழியும் ஊறுபடும். ஆதலின், மாணவ நண்பர்களே, ஒளியின் அதிர்வை ஆராய்தல் வீண் வேடிக்கையன்று.