தடித்த சாய்வெழுத்தும் தமிழ்ப் பாடத்தாளும்

செமோர் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றிற்கு ரப்பர் மரம் குறித்த பயிற்சித்தாள் தயாரிக்கப்படுவதாகக் கொள்வோம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த பகுதியாதலின் பொருள் மாணவர்க்கு அயலானதன்று. தலைப்பு தடித்த எழுத்தில் அமைகிறது. அதனுள் ‘ஈவியா பிரசிலியென்சிஸ்’ என்னும் அறிவியற்பெயர் உரோமன் எழுத்தில் இடம்பெறுகிறது. அறிவியற்பெயரைச் சாய்வெழுத்தில் அச்சிடுதல் மரபு. தடிப்பும் சாய்வும் ஒருங்கே தேவைப்படும் இவ்விடமே தடித்த சாய்வெழுத்தின் உரிய இடமாகும். அவ்வெழுத்தின் இயல்பையும், அது தமிழுக்குப் பொருந்தும் அளவையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

தோற்றமும் வடிவும்

செரிப் வகை உரோமன் எழுத்துகளில் கோடுகளின் முனைகள் சிறு முடிப்புகளைக் கொண்டிருக்கும். இவ்வகையின் சாய்வெழுத்து நேரெழுத்தைச் சரித்துப் பெற்றதன்று. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுசியஸ் வெளியிட்ட வர்ஜிலின் கவிதை நூல் இவ்வெழுத்தில் அச்சாயிற்று. அக்காலக் கையெழுத்தைத் தழுவிப் பிரான்செஸ்கோ கிரிபோ அதனைச் செதுக்கினார். தடித்த எழுத்தின் வரலாறு வேறு. 1845இல் இலண்டனில் வெளிவந்த கிளாரன்டன் அதன் தொடக்க எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. டைம்ஸ் நியூ ரோமன் (1932) போன்ற குடும்பங்களில் இன்று நேர், சாய்வு, தடிப்பு, தடித்த சாய்வு ஆகிய நான்கும் அமைந்துள்ளன.

தமிழில் ஏற்படும் இடர்

தமிழ் அச்சு மரபில் சாய்வுக்கெனத் தனி வரிவடிவம் வேரூன்றவில்லை. எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாதபோது கணினி நேரெழுத்தையே சரித்துக் காட்டுகிறது. நோட்டோ செரிப் தமிழ் குடும்பத்தில் சாய்ந்த வடிவம் உண்டு. அதற்கு ‘ஸ்லாண்டட்’, அதாவது ‘சாய்ந்தது’ என்னும் பெயரும் வழங்கியதுண்டு.

சரிக்கும்போது மேலே நிற்கும் புள்ளி வலப்புறம் நகர்ந்து அடுத்த எழுத்தை நெருங்குகிறது. தடிப்பு மிகும்போது சுழிகளின் உள்வெளி குறைகிறது. சிறிய அளவில் அச்சிட்டு நகலெடுத்தால் மூன்றுசுழி ணகரமும் இரண்டுசுழி னகரமும் மயங்கக்கூடும். ‘மணம்’, ‘மனம்’ ஆகியவற்றை வேறுபடுத்தக் கற்கும் முதலாம் ஆண்டு மாணவனுக்கு இது அழகியற் சிக்கலன்று, பொருட் சிக்கலாகும். அவன் செய்யும் பிழை தாளின் பிழையாகவும் இருக்கலாம்.

பயன்பாட்டு நெறி

ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அழுத்திக் கூறச் சாய்வெழுத்து உதவுகிறது. தமிழில் அப்பணியை மொழியே ஆற்றுகிறது. நன்னூல் கூறும் ஏகாரப் பொருள்களுள் தேற்றமும் பிரிநிலையும் அடங்கும். ‘அவனே வந்தான்’ என்பதில் அழுத்தத்தைக் காட்ட எழுத்து சாய வேண்டியதில்லை. நூற்பெயர்க்கு ஒற்றை மேற்கோட்குறியும், கலைச்சொல்லுக்கு அளவான தடிப்பும் போதுமானவை.

ஆகவே, தடித்த தலைப்பினுள் வரும் அறிவியற்பெயர் போன்ற உரோமன் எழுத்துத் தொடர்களுக்குத் தடித்த சாய்வெழுத்தைக் கையாளலாம். தமிழில் அட்டை, அழைப்பிதழ் ஆகியவற்றின் பெரிய அளவிலான ஓரிரு சொற்களோடு அதனை நிறுத்துவது நன்று. பத்திகளிலும் தொடக்கநிலைப் பாடத்தாள்களிலும் அதனைத் தவிர்ப்பதே கற்பவர்க்கு நலம் பயக்கும்.